அரத்தில செய்த சவரக்கத்தி ஏன் முகத்தில புடுங்குது?

விசுவமடுவில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணை, அப்பப்பாவின்ர பழைய அரத்தைக் கிரைண்டரில தேய்ச்சு சவரக்கத்தி ஒண்டு செய்தனான். முதுகு 4 மில்லிமீட்டர், அகலம் 25. பேப்பர் நல்லா வெட்டுது, கைமயிரும் வழிக்குது, ஆனா முகத்தில வைச்சா புடுங்குது, ரெண்டு இழுவையில கூரும் போயிடுது. சாணைக்காரரிட்ட குடுக்கட்டோ? விலையான கல்லு வாங்காமல் தீட்ட ஏலாதோ?"

தம்பி, முதல்ல சாணைக்குக் குடுக்காதேங்கோ. மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் சாணை சரி, ஆனா சவரக்கத்தியின்ர வாய், அதாவது வெட்டுற விளிம்பு, அந்தச் சில்லில பட்ட உடன நீலம் பிடிச்சிடும், நீலம் பிடிச்சால் அந்த இடம் மெத்துப்போச்சு எண்டு அர்த்தம், பேந்து என்ன தீட்டினாலும் கூர் நிக்காது.

அளவு எழுதினது நல்லதாப் போச்சு, வருத்தம் அதுக்குள்ளதான் இருக்கு. மீன் வெட்டுற கத்தியைத் தீட்டேக்க சரிவை உங்கட கைதான் பிடிக்குது. சவரக்கத்தி அப்பிடியில்ல, முதுகும் வாயும் ரெண்டும் ஒண்டாக் கல்லில படுத்துக் கிடக்கும், அதால வாயின்ர கோணத்தை உங்கட கை தீர்மானிக்கிறேல்ல, முதுகின்ர தடிப்பும் அலகின்ர அகலமும்தான் தீர்மானிக்குது. கடையில வாற கத்தியளில அகலம் முதுகைப்போல மூண்டு, மூண்டரை மடங்கு இருக்கும், கோணம் 16 தொடக்கம் 19 பாகை வரும். உங்கட கத்தியில அது ஆறு மடங்குக்கும் மேல, கோணம் 9 பாகைதான். அந்த மெல்லிசில எந்த இரும்பும் நிக்காது, உமி மாதிரிச் சுருளும் இல்லாட்டிப் பொடிப்பொடியா உதிரும். கைமயிர் மெல்லிசு, அதை வழிச்சிடும். தாடிமயிர் அப்பிடி விட்டுக்குடாது.

அப்ப என்ன செய்யலாம்? அகலத்தை 15க்குக் கொண்டு வாங்கோ. 4க்கு 15 எண்டால் 15 பாகை, தீட்டேக்க முதுகில வயர் சுத்துற ரேப் ஒரு சுத்துப் போட்டால் ரெண்டு பக்கமும் சேர்த்துக் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீட்டர் கூடும், கோணம் 16ஐத் தாண்டும், முதல் கத்திக்கு அது காணும். இன்னொண்டையும் பாருங்கோ, தட்டை அரம் கனக்க நுனிப்பக்கம் ஒடுங்கித்தான் வரும், அடியில 4 இருந்து நுனியில 3 இருந்தால் ஒரே கத்தியில ரெண்டு கோணம். வேர்னியர் அளவுகோலால மூண்டு இடத்தில அளந்து முதுகைச் சமப்படுத்தினாப் பிறகுதான் மற்ற வேலை.

நெருப்பில போட்டீங்களோ எண்டு நீங்கள் எழுதேல்ல. போடாமல் தேய்ச்சு மட்டும் எடுத்திருந்தால், அரம் அரமாவே இருக்கு, அளவுக்கு மிஞ்சின கடினம், வாய் உதிர அதுவும் ஒரு காரணம். கேக் போடுற அவனில 180 தொடக்கம் 200 பாகை செல்சியஸில ஒரு மணித்தியாலம் வைச்சு, ஆறவிட்டு, இன்னொருக்கா ஒரு மணித்தியாலம். மினுக்கி வைச்ச இடம் வெளிறின வைக்கோல் நிறத்துக்கு வரவேணும். மண்ணிறத்தைத் தாண்டி ஊதா நிறம் கண்டால் கூடிப்போச்சு. வீட்டில அம்மாட்டைக் கேட்டுட்டு வையுங்கோ, எண்ணெய் மணம் ரெண்டு நாளைக்குக் கேக்கில நிக்கும்.

உண்மையைச் சொன்னால், நானெண்டால் உதைத் திருத்திக்கொண்டிருக்காமல் புதுசாத் தொடங்குவன். 25ஐ 15 ஆக்கினால் புது வாயில ஒண்டரை மில்லிமீட்டருக்கு மேல இரும்பு நிக்கும், பதம், அதாவது சுட்டுத் தோய்ச்சு ஏத்தின கடினம், போகாமல் அதைத் தேய்ச்சு எடுக்கிறது பொறுமையைச் சோதிக்கிற வேலை, வெறுங்கையால பிடிச்சு, கையில சூடு தெரியிற நேரமெல்லாம் வாளித் தண்ணிக்குள்ள தோய்க்க வேணும்.

புதுசாச் செய்யிறதெண்டால் அரத்தைச் செக்கச்செவேலெண்டு சுட வைச்சு உமிச்சாம்பலுக்குள்ள தாட்டு விடியும்வரை விடுங்கோ, அரிசி மில்லில கேட்டால் சாம்பல் தருவினம், மெதுவா ஆறினால்தான் இரும்பு இளகி ராவ வரும். அரத்தின்ர பல்லு ஒண்டும் மிச்சம் இருக்கக்கூடாது, வெடிப்பு அதில இருந்துதான் தொடங்கும். மடக்குப் பிடியும் வேண்டாம், ஜப்பான்காரற்ற கமிசோரி எண்ட சவரக்கத்தி மாதிரி ஒரே துண்டா அடிச்சு வாலுக்கு நூல் சுத்தினால் பாதி வேலை மிச்சம். வாயை அரை மில்லிமீட்டர் தடிப்போட விட்டுட்டுத்தான் பதம் வைக்கவேணும், இதுக்கு மேல மெல்லிசாக்கினால் வளையும்.

பதம் வைக்கிறதுக்குச் சிரட்டைக்கரி அடுப்பு, பொழுதுபடுற நேரம், அப்பதான் நிறம் தெரியும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒண்டைக் கிட்ட வைச்சுக்கொள்ளுங்கோ, 770 பாகையளவில காந்தம் இரும்பைப் பிடிக்காமல் விட்டிடும், அதுக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சூடு ஏறினதும் தேங்காயெண்ணெய்க்குள்ள நேர நிமித்தி இறக்குங்கோ, பக்கவாட்டில ஆட்டாதேங்கோ. எண்ணெய் 50, 60 பாகைச் சூட்டில இருக்கவேணும், பச்சைத் தண்ணி கூடவே கூடாது. நான் முதல் செய்த கத்தியைக் கிணத்துத் தண்ணி வாளிக்குள்ளதான் விட்டனான், "டிங்" எண்டு ஒரு சத்தம், எடுத்துப் பாத்தால் வாயில இருந்து முதுகுவரை மயிர் மாதிரி ஒரு கோடு, மூண்டு நாள் வேலை அந்தச் சத்தத்தோட போச்சு. எண்ணெய் பத்தினால் மூட ஒரு தகரமும் மண் வாளியும் பக்கத்தில இருக்கட்டும். ஆறினாப் பிறகு நல்ல அரம் ஒண்டால வாயைச் சுரண்டிப் பாருங்கோ, வழுக்கிக்கொண்டு போனால் பதம் பிடிச்சிட்டுது, உடனயே முதல் சொன்னமாதிரிக் கேக் அவனுக்குள்ள வையுங்கோ.

இரும்பு தேடிப் போறதெண்டால் ஒரு சொல்லு. அரம் ஹார்ட்வெயாரில வாங்குங்கோ இல்லாட்டி தச்சு வேலை செய்யிற ஆக்களிட்டக் கேளுங்கோ. காணிக்குள்ளயும் பத்தைக்குள்ளயும் கிளறி எடுத்த, என்னெண்டு தெரியாத இரும்பைத் தொடவே வேண்டாம், சண்டைக் காலத்து வெடிபொருளா இருக்கலாம், நெருப்புக்குக் கிட்டவும் கொண்டு போக வேண்டாம். எங்கட பக்கம் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இனிக் கல்லுக் கதை. வாகனப் பெயின்ட் சாமான் விக்கிற கடையில 2000 சான்ட் பேப்பர் கிடைக்கும் (நம்பர் கூடக்கூடத் துகள் பொடி), அதைக் கண்ணாடித் துண்டில ஒட்டித் தீட்டலாம், ஆனா ரெண்டு விசயம். பேப்பரில வாயை முன்னுக்கு விட்டுத் தள்ளாதேங்கோ, பேப்பர் எழும்பி வாயை மழுக்கும், முதுகு முன்னுக்குப் போறமாதிரி இழுங்கோ. மற்றது, பேப்பரில 2000 எண்டால் துகள் 10 மைக்ரோன் அளவு, 8000 கல்லில அது ஒண்டு ரெண்டு மைக்ரோன்தான். அதால பேப்பரில சரிவு அமைக்கலாம், சேவ் எடுக்கிற கூர் வராது. காசு செலவழிக்கிறதெண்டால் ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000 இருக்கிற கல்லு ஒண்டும், கடைசியா வாயை மினுக்கிறதுக்குப் பச்சைக் குரோமியம் ஒக்சைட் பூச்சும் வாங்குங்கோ, போதும். கல்லு வந்தவுடன பென்சிலால கட்டம் கீறி, கண்ணாடியில சான்ட் பேப்பர் வைச்சு, கோடெல்லாம் அழியும்வரை தேய்ச்சு மட்டமாக்குங்கோ, புதுக்கல்லும் மட்டமா வாறேல்ல.

வாயில மார்க்கரால பூசிப்போட்டு 1000இல அஞ்சாறு தரம் தள்ளிப் பாருங்கோ. வாயின்ர கரையில மை மிச்சம் நிண்டால் கல்லு இன்னும் கரையைத் தொடேல்ல. இந்த இடத்திலதான் எல்லாரும் அவசரப்பட்டு 6000க்குத் தாவுறவை. ரோச் வெளிச்சத்துக்கு நேர வாயைப் பிடிச்சுப் பாத்தால், ரெண்டு சரிவும் சந்திக்காத இடத்தில வெள்ளையா ஒரு நூல் மின்னும், அந்த மினுக்கம் அடியில இருந்து நுனிவரை இல்லாமல் போகும்வரை 1000ஐ விட்டு வராதேங்கோ, ஒரு மணித்தியாலம் எடுத்தாலும் பரவாயில்ல. அதுக்குப் பிறகு 6000இல கத்தியின்ர பாரம் மட்டும்தான், விரலால அழுத்தக்கூடாது. பேந்து பச்சைப்பூச்சுப் போட்ட துணிப்பட்டியில பத்துப் பதினைஞ்சு தரம், வெறுந்தோலில 50, 60 தரம் இழுங்கோ. பழைய தோல் பெல்ட்டை ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் காணும், தொய்ஞ்சால் வாய் உருளும். தோலில எப்பவும் முதுகு முன்னுக்கு, திருப்பேக்க முதுகில உருட்டித் திருப்புங்கோ, வாயில திருப்பினால் தோலும் போகும் கூரும் போகும்.

தலைமயிர் ஒண்டை விரலில பிடிச்சு வாயில விழவிடுங்கோ. தானா அறுந்தால் முகத்துக்குக் கொண்டு போகலாம். வெந்நீர், நிறைய சோப்பு, தோலை இழுத்துப் பிடிச்சு, 30 பாகைச் சரிவில, மயிர் வளந்த பக்கமா, முதல்நாள் கன்னம் மட்டும். தாடையும் மேலுதட்டுப் பக்கமும் பிறகு. கூட்டாளிமாருக்குச் சேவ் எடுத்துவிடாதேங்கோ, ரத்தத்தால பரவுற வருத்தங்களுக்குப் பயந்துதான் சலூன்காரர் ஆளுக்கொரு பிளேட் மாத்துறவை.

கழுவித் துடைச்சு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசி வையுங்கோ. மாரி தொடங்கினால் ஒரு இரவு ஈரமா விட்டாலே வாயில மண்ணிறப் புள்ளி வந்திடும், பிறகு திரும்ப 1000இல இருந்து.