சேகரிப்பாளர்கள் தேடும் பழைய ரிவால்வர்களில் உங்கள் மனம் கவர்ந்தது எது, ஏன்?

வெப்லி-ஃபாஸ்பெரி. யோசிக்காமலே சொல்வேன்.

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியைச் சொல்வார்கள். அதுவும் அருமையான துப்பாக்கிதான். ஆனால் அதன் புகழில் பாதி கௌபாய் கதைகள் கொடுத்தது. வெப்லி-ஃபாஸ்பெரியின் கவர்ச்சி அதன் இயந்திரத்திலேயே இருக்கிறது. நான் இயந்திரப் பொறியியல் படித்தவன், அதனால் என் ஆர்வமெல்லாம் அங்கேதான் போகும்.

முதலில் அது தீர்க்க வந்த சிக்கலைச் சொல்கிறேன். சாதாரண ரிவால்வரில் சிலிண்டரை (தோட்டாக்கள் இருக்கும் உருளை) சுழற்றுவதும் ஹேமரை (தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தி) பின்னால் இழுப்பதும் சுடுபவரின் விரல் வேலை. ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் ஹேமரை இழுத்தால் நேரம் போகும். ட்ரிகரையே முழுசாக இழுத்துச் சுட்டால் அதற்கு நல்ல பலம் வேண்டும், கை ஆடும், குறி தவறும். 1890-களில் தானியங்கிப் பிஸ்டல்கள் வரத் தொடங்கியிருந்தன. 1893-இல் போர்ஷார்ட், 1896-இல் மௌசர். தோட்டா வெடிக்கும்போது வீணாகிற பின்னுதைப்பைப் பிடித்து அடுத்த தோட்டாவைத் தயார் செய்ய வைப்பதுதான் அவற்றின் அடிப்படை. அதையே ரிவால்வரிலும் செய்தால் என்ன என்று கேட்டவர் ஜார்ஜ் வின்சென்ட் ஃபாஸ்பெரி.

இவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இவர் பட்டறைக்காரர் இல்லை, பிரிட்டிஷ் இந்தியாவின் வங்காளப் படையில் இருந்த ராணுவ அதிகாரி. 1863-இல் வடமேற்கு எல்லைப்புறத்தில் அம்பேலா போர் நடந்தது. அந்த இடம் இப்போது பாகிஸ்தானின் புனேர் பகுதியில் இருக்கிறது. அங்கே கிராக் பிக்கெட் என்ற பாறை உச்சிக் காவல் முனை பல முறை கை மாறியது. எதிரிகள் பிடித்துவிட்ட அதை, அக்டோபர் 30 அன்று ஒரு சிறு குழுவோடு ஏறிப்போய் மீட்டவர்களில் ஃபாஸ்பெரி ஒருவர். கைக்குக் கை நடந்த சண்டை அது. அதற்காக பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் வாங்கினார். அந்த நெருக்கடியில் கையில் இருக்கிற துப்பாக்கி எப்படி நடந்துகொள்ளணும் என்பதை அங்கேயே தெரிந்துகொண்ட மனிதர் என்று நான் நினைக்கிறேன். 1880-களில் அவர் வடிவமைத்த பேரடாக்ஸ் துப்பாக்கியும் பெரிய பெயர் பெற்றது. குழலின் கடைசிச் சில அங்குலங்களில் மட்டும் உள்வரிகள் (குண்டைச் சுழலவைக்கும் வரிகள்) வெட்டிய ஷாட்கன் அது. பறவைக்கும் சுடலாம், ஒற்றைக் குண்டு போட்டுப் புலிக்கும் சுடலாம். ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் அதைத் தயாரித்து விற்றது.

சரி, ரிவால்வருக்கு வருவோம். 1895-இல் காப்புரிமை எடுத்தார். பர்மிங்காமின் வெப்லி நிறுவனத்தோடு சேர்ந்து செப்பனிட்டு, 1901-இல் விற்பனைக்கு வந்தது.

இந்த ரிவால்வர் இரண்டு பகுதியாக இருக்கும். கீழே பிடியும் ட்ரிகரும். மேலே குழல், சிலிண்டர், ஹேமர். மேல் பகுதி முழுவதும் கீழ்ப் பகுதியின் மேல் தண்டவாளம் போன்ற தடத்தில் முன்னும் பின்னும் நகரும். சுட்டதும் பின்னுதைப்பு மேல் பகுதியைப் பின்னால் தள்ளுகிறது, அந்த ஓட்டத்திலேயே ஹேமர் தயார் நிலைக்கு வந்துவிடுகிறது. பிறகு ஸ்பிரிங் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. சிலிண்டர் எப்படிச் சுழல்கிறது? அதன் வெளிப்பரப்பைச் சுற்றிக் கோணல் கோணலாக, ஏறி இறங்கும் காடிகள் (நீள் பள்ளங்கள்) வெட்டப்பட்டிருக்கின்றன. கீழ்ப் பகுதியில் நிலையாக ஒரு சிறு முளை. மேல் பகுதி பின்னால் போகும்போது முளை காடியில் ஓடி, சிலிண்டரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு திருப்பும். முன்னால் திரும்பும்போது இன்னொரு பன்னிரண்டில் ஒரு பங்கு. இரண்டும் சேர்ந்தால் ஆறில் ஒரு பங்கு, அதாவது அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்துவிட்டது. கிளிக் பேனாவைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், அதற்குள்ளேயும் இப்படிப்பட்ட பற்கள்தான் அழுத்தத்தைச் சுழற்சியாக மாற்றுகின்றன.

விளைவு என்னவென்றால், ஒவ்வொரு சூட்டுக்கும் ட்ரிகர் லேசாகவே இருக்கும். 1902-இல் வால்டர் வைனன்ஸ் என்ற பெயர்பெற்ற குறிசுடுபவர் இதை வைத்து, பன்னிரண்டு தப்படி தூரத்தில், இரண்டு அங்குல வட்டத்துக்குள் ஆறு தோட்டாக்களை ஏழு விநாடியில் போட்டுக் காட்டினார். (ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலிலும் சிற்பக் கலையிலும் தங்கம் வாங்கியவர் இவர். அந்தக் காலத்தில் ஒலிம்பிக்கில் கலைப் போட்டிகளும் உண்டு.)

நான் இதைக் கையில் எடுத்துப் பார்த்தது அமெரிக்காவில் வேலையில் இருந்தபோது. ஏலத்துக்கு முந்தைய நாள் பொருட்களை எடுத்துப் பார்க்க விடுவார்கள். அங்கிருந்த ஊழியர் தாழ்ப்பாளைத் தட்டிக் குழலைக் கீழே மடக்கி, ஆறு அறையும் காலி என்று காட்டிவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார். ஒரு கிலோவுக்கு மேல் கனம். இடது பக்கம், கட்டைவிரல் படும் இடத்தில் ஒரு பாதுகாப்பு நெம்பு. கதைகளில் ரிவால்வருக்கு ‘சேஃப்டி கேட்ச்’ எழுதினால் விவரம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். இந்த ஒன்றுக்கு நிஜமாகவே அது உண்டு, தேவையும் உண்டு. ட்ரிகர் அவ்வளவு லேசு, ஹேமர் எப்போதும் தயாராக நிற்கும்.

அவர் அனுமதியோடு மேல் பகுதியை இடது கையால் பின்னுக்குத் தள்ளினேன். ஸ்பிரிங் நன்றாக எதிர்த்தது. சிலிண்டர் கொஞ்சம் திரும்பி நின்றது. பிடியை மெல்லத் தளர்த்தியதும் மீதித் திருப்பம் முடிந்து, ஒரு மயிரிழை ஆட்டம்கூட இல்லாமல் உட்கார்ந்தது. நூறு வருஷத்துக்கு மேல் பழைய இரும்பு! கணினியில் இயங்கும் கடைசல் இயந்திரம் இல்லாத காலத்தில், வளைந்த பரப்பில் கோணல் காடியை இந்தத் துல்லியத்தில் வெட்டிய பர்மிங்காம் தொழிலாளிகளை நினைத்து அப்படியே நின்றுவிட்டேன்.

குழலின் பக்கவாட்டில் ‘.455 கார்டைட்’ என்று பொறித்திருந்தது. .455 என்பது அங்குலக் கணக்கில் தோட்டாவின் அளவு. கார்டைட் மருந்து நிரப்பிய தோட்டாவையே போட வேண்டும் என்று பொருள். பழைய கரிமருந்து விட்டுப்போகும் கசடு இவ்வளவு நுணுக்கமான அமைப்புக்கு ஆகாது. அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு அருவங்காடு ஞாபகம் வந்தது. குன்னூர் மலை ரயிலில் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஏறத்தாழ இந்த ரிவால்வர் பிறந்த அதே காலத்தில் அங்கே தொடங்கிய கார்டைட் தொழிற்சாலை இன்றும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

அப்புறம் ஏன் இது நிலைக்கவில்லை? பிரிட்டிஷ் ராணுவம் இதை ஒருபோதும் அதிகாரபூர்வமாக ஏற்கவில்லை. ஆனால் அன்றைய அதிகாரிகள் கைத்துப்பாக்கியைச் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ள வேண்டும், அது ராணுவத்தின் .455 தோட்டாவை ஏற்றால் போதும். அப்படி வாங்கியவர்களோடு இது முதல் உலகப் போருக்குப் போனது. பதுங்குகுழிச் சேறு திறந்த காடிகளுக்கும் நகரும் தடத்துக்கும் பரம எதிரி. இன்னொரு குறை, பிடியை இறுக்கிப் பிடிக்காவிட்டால் மேல் பகுதி முழுத் தூரம் பின்னால் போகாது, சுழற்சி பாதியில் நிற்கும். காயம்பட்ட கைக்கு இது சரிப்படாது. 1915-இல் வந்த சாதாரண வெப்லி மார்க் 6 இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல், லட்சக்கணக்கில் தயாராகிக் கடைசிவரை உழைத்தது. தானியங்கி வேண்டுமென்ற கடற்படையோ 1912-லேயே வெப்லியின் தானியங்கிப் பிஸ்டலை எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் வெப்லி-ஃபாஸ்பெரிக்கு இடம் இல்லாமல் போனது. அதை வடிவமைத்த ஃபாஸ்பெரி அதற்கு முன்பே, 1907-இல் காலமாகிவிட்டார்.

மொத்தம் தயாரானவை ஐயாயிரத்துக்கும் குறைவு. பெரும்பாலானவை .455, ஆறு தோட்டா. எட்டுத் தோட்டா பிடிக்கும் .38 இன்னும் அபூர்வம், விலையும் அதிகம். நல்ல நிலையில் இருந்தால் ஏலத்தில் பல ஆயிரம் டாலர் போகும். ‘தோற்றுப்போன துப்பாக்கிக்கு எதற்கு இவ்வளவு விலை’ என்று சிலர் கேட்பதுண்டு. நான் அதைத் தோல்வியாகப் பார்ப்பதில்லை. எடுத்துக்கொண்ட சிக்கலை அது முழுசாகத் தீர்த்தது. உலகம் வேறு வழியில் போய்விட்டது, அவ்வளவுதான். 1990-களில் இத்தாலியின் மாடேபா நிறுவனம் பின்னுதைப்பால் சிலிண்டர் சுழலும் ரிவால்வரை மறுபடி செய்து விற்றபோது, மேல் பகுதி நகரும் அதே வழியைத்தான் பிடித்தது.

இந்தியாவில் இருந்துகொண்டு இதை வாங்கிச் சேர்ப்பது நடக்கிற காரியம் இல்லை, ஆயுதச் சட்டம் அவ்வளவு கடுமை. இங்கிலாந்துக்குப் போனால் லீட்ஸ் நகரின் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இது இருக்கிறது, அங்கே நுழைவுக் கட்டணமும் கிடையாது. எங்கே இதைப் பார்த்தாலும் காடிகளின் திருப்பங்களைக் கவனியுங்கள். அந்த மூலைகள் கூர்மையாக இருந்தால் அதிகம் சுடப்படாத துப்பாக்கி, மழுங்கியிருந்தால் நிறைய உழைத்திருக்கிறது. எனக்கு இரண்டாவது வகைதான் அதிகம் பிடிக்கும்.