அந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போய்விட்டு வாருங்கள்

கேள்வி: மணிலாவில், மக்காத்தி பகுதியிலுள்ள ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும் பிலிப்பினோக்கள், நல்ல மனிதர்கள். வெள்ளிக்கிழமை மதியம் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குச் சேர்ந்து போவார்கள். மூன்று முறை வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, தனியாக உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டேன். கோழி, மீன் சாப்பிடுவேன். மாடும் பன்றியும் எங்கள் வீட்டில் பழக்கமில்லை. அடுத்த வாரம் ஒரு தோழிக்குப் பிறந்தநாள். கோழி சுட்டுத் தரும் கடைக்கு எல்லாரையும் அழைத்திருக்கிறாள். அங்கே என்ன கேட்பது, எப்படிச் சாப்பிடுவது என்று தெரியவில்லை. பன்றி வேண்டாம் என்றால் அவள் மனம் புண்படுமோ? பேசாமல் விடுப்பு எடுத்துவிடலாமா? (பெயர் வேண்டாம், மணிலா)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

விடுப்பு எடுக்காதீர்கள். போங்கள். அந்த ஊரில் ஆறு வருடம் குடியிருந்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அவர்கள் உங்களிடம் 'குமாயின் கா நா?' என்று கேட்டிருப்பார்கள். சாப்பிட்டாயா என்று அர்த்தம். நம் ஊரில் படியேறி வருகிறவரிடம் முதலில் எதைக் கேட்போமோ, அதையேதான் அவர்களும் கேட்கிறார்கள். சாப்பாட்டைக் கேட்டு அன்பைக் காட்டும் மனிதர்களிடம் மூன்று வெள்ளிக்கிழமை வயிற்று வலி சொல்லியிருக்கிறீர்கள். பன்றி வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர்கள் வருந்தியிருக்க மாட்டார்கள். காரணம் தெரியாமல் நீங்கள் ஒதுங்கி உட்கார்ந்ததுதான் அவர்களுக்கு உறுத்தியிருக்கும்.

உணவில் விலக்கு வைத்திருப்பவர்கள் அந்த நாட்டில் புதியவர்கள் அல்லர். தெற்கே மிந்தனாவோவில் முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்களுக்குப் பன்றி கிடையாது. இக்லேசியா நி கிறிஸ்தோ என்ற சபையைச் சேர்ந்தவர்கள் இரத்தம் சேர்ந்த எதையும் தொடமாட்டார்கள். பன்றி இரத்தத்தில் செய்யும் தினுகுவான் மேசைக்கு வந்தால், அவர்கள் அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்த தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். கத்தோலிக்கர்களும் தவக்கால வெள்ளிகளில் இறைச்சியை விடுகிறார்கள். ஆகவே நாளைக் காலையிலேயே அந்தத் தோழியிடம், "நான் மாடும் பன்றியும் சாப்பிடுவதில்லை, கோழியும் மீனும் நன்றாகச் சாப்பிடுவேன்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டாவது பாதியை மறக்காதீர்கள். எதைத் தரலாம் என்று அவளுக்கு அதில்தான் தெரியும்.

முன்கூட்டியே சொல்லச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பிறந்தநாள் என்றால் பன்சித் கட்டாயம் வரும். சீனர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் அது. நீளமான இழை நீண்ட ஆயுளுக்கு அடையாளம் என்பதால் மேசையில் இருக்கும் எல்லாரும் அதில் கொஞ்சமாவது எடுத்துக்கொள்வார்கள். வழக்கமாக அதில் பன்றித் துண்டுகள் கிடக்கும். முதலிலேயே தெரிந்தால் கோழியோ இறாலோ போட்டதாகச் சொல்லிவிடுவாள். அவள் ஆயுளுக்கான ஒரு வாயை நீங்களும் சாப்பிடலாம்.

இனி கடை. அவள் அழைத்திருப்பது 'இனசால்' கடையாகத்தான் இருக்கும். நெக்ரோஸ் தீவின் பகோலோத் நகரம் அதற்குப் பேர்போனது. கலமான்சி என்ற குட்டி எலுமிச்சை, வினிகர், பூண்டு, எலுமிச்சைப்புல் எல்லாம் சேர்த்து ஊறவைத்த கோழியைக் கம்பியில் குத்தி, கரி நெருப்பில் சுடுவார்கள். 'பாஆ' என்றால் கால், 'பெச்சோ' என்றால் நெஞ்சு. முதல் தடவை கால் கேளுங்கள். செந்நிற விதை போட்டுக் காய்ச்சிய கோழி எண்ணெய் மேசையிலேயே இருக்கும். சுடுசோற்றில் ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து பாருங்கள், நெய்ச் சோறு நினைவுக்கு வரும். பல இனசால் கடைகளில் சோறு போதும் போதும் என்கிறவரை போடுவார்கள்.

கையால் சாப்பிடலாமா என்று தயங்க வேண்டாம். பொதுவாக வலக்கையில் கரண்டி, இடக்கையில் முள்கரண்டி, கத்தி இருக்காது. ஆனால் இனசாலுக்குக் கைதான். அதற்குக் 'கமாயன்' என்றே பெயர். கழுவும் தொட்டியில் கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள். விரல்நுனியில் சோற்றைச் சேர்த்துக் கட்டைவிரலால் வாய்க்குள் தள்ளும் அந்த லாகவம் அவர்களுக்கும் உண்டு.

காரம் இல்லையே என்று ஊறுகாய் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எனக்கு அந்தச் சமையலில் மிகவும் பிடித்த விஷயமே இங்கேதான் வருகிறது. 'சவ்சாவன்' என்பார்கள், தொட்டுக்கொள்வது. ஒரு சின்னக் கிண்ணத்தில் சோயா சாஸ், அதில் இரண்டு கலமான்சியைப் பிழிந்து, சிலிங் லபுயோ என்ற ஊசிமிளகாய் இரண்டைக் கரண்டியின் முதுகால் நசுக்கிப் போடுவார்கள். ஒருவருக்குப் புளிப்பு, ஒருவருக்கு உப்பு, ஒருவருக்குக் காரம். அவரவர் கிண்ணம் அவரவர் கணக்கு. சமைத்தவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதே இல்லை. சாப்பிடுகிறவர் கையில்தான் அந்தச் சமையல் முடிகிறது. உங்கள் கிண்ணத்தில் நான்கு மிளகாயாக நசுக்கிக்கொள்ளுங்கள்.

கோழியோடு, எல்லாருக்கும் பொதுவாக ஒரு சினிகாங் சொல்லச் சொல்லுங்கள். புளியில் காய்ச்சும் சாறு அது. முள்ளங்கி, வெண்டைக்காய், கத்தரிக்காய், தக்காளி, நீளப் பச்சைமிளகாய் மிதக்கும். பருப்பு சேராத சாம்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்றி போட்டதும் உண்டு என்பதால் இறால் போட்டதா, மீன் போட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

காய்கறிதானே என்று நம்பி ஏமாறுவதும் நடக்கும். நான் அங்கு போன புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பாசிப்பயறும் முருங்கைக்கீரையும் கொதிப்பதைப் பார்த்து உருகிவிட்டேன். அவர்கள் அந்தக் கீரையை 'மலுங்காய்' என்கிறார்கள். நம் முருங்கையே வாய் மாறி ஒலிப்பது போல இருக்கும். ஒரு கிண்ணம் வாங்கி நான்கு வாய் சாப்பிட்டேன். ஐந்தாவதில் அப்பளம் போல மொறுமொறுவென்று ஏதோ கடிபட்டது. அது பன்றித்தோல் வறுவல். தவறு அந்தக் கடைக்காரம்மாவுடையது அல்ல, நான் கேட்கவில்லை. மொங்கோ என்ற அந்தப் பயற்றுக் குழம்புக்கு அப்படித்தான் அலங்காரம். கத்தரி, பாகல், பூசணி சேர்ந்த பினக்பெத்தில் 'பகுவோங்' என்ற இறால் விழுது இருக்கும், பன்றியும் இருக்கலாம். 'கினிலிங்' என்றால் கொத்திறைச்சி, பெரும்பாலும் பன்றி. லும்பியா ஷாங்காய் என்ற குட்டிச் சுருள்களுக்குள்ளும் அதுவே. காரே-காரே மாட்டு வால், குடல் போட்டு நிலக்கடலைக் குழம்பில் வேகவைப்பது, அதுவும் உங்களுக்கு ஆகாது.

ஆகவே ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: 'மய் பாபோய் போ பா இத்தோ?' இதில் பன்றி இருக்கிறதா என்று அர்த்தம். பாபோய் பன்றி, பாகா மாடு, மனோக் கோழி, இஸ்தா மீன். நடுவில் வரும் 'போ' நம் காதுக்கு விரட்டுவது போலக் கேட்கும். அது மரியாதைச் சொல். நாம் 'வாங்க' என்பதில் சேர்க்கும் 'ங்க' போன்றது. பரிமாறும் பெண்ணை 'ஆத்தே' என்று கூப்பிடுங்கள், ஆணைக் 'குயா' என்று. அக்கா, அண்ணன். அந்த ஒரு சொல்லுக்கு முகம் மலர்வதை அன்றே பார்ப்பீர்கள்.

பிறந்தநாள்காரிதான் பணம் கொடுப்பாள், அன்று பணப்பையைத் திறக்காதீர்கள். மற்ற நாட்களில் அவரவர் பங்கு அவரவருடையது. தட்டில் மிஞ்சும் கடைசித் துண்டை எடுக்க எல்லாரும் கூச்சப்படுவார்கள்; அதை அவளிடம் நகர்த்துங்கள்.

வெள்ளிக்கிழமைக் கடைக்கும் இனிமேல் போங்கள். அதைக் கரிந்தெரியா என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் இருப்பது நம் 'கறி' என்று சொல்கிறார்கள். காரே-காரேவுக்கும் அதே மூலம் சொல்லப்படுகிறது. 1762-ல் சென்னையிலிருந்து கப்பலேறிய ஆங்கிலேயப் படை மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. உடன் வந்த சிப்பாய்களில் சிலர் ஊர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா ஊரில் தங்கிவிட்டார்கள். உங்களுக்கு முன்னால் நம் கரையிலிருந்து அங்கே போய்ப் பசித்தவர்கள் அவர்கள்.

கரிந்தெரியாவில் மெனு அட்டை தேடாதீர்கள். பாத்திரங்கள் வரிசையாக இருக்கும், விரலை நீட்டிக் காட்டினால் போதும். 'துரோ-துரோ' என்ற பெயரே அதற்காக வந்தது, காட்டு காட்டு என்று. தயிர் சாத டப்பாவையும் எடுத்துப் போங்கள். கொஞ்சம் கூடுதலாகப் பிசைந்து, கடுகும் இஞ்சியும் தாளித்து, மேசை நடுவில் வையுங்கள்.