தரையில் வரைந்த பெட்டி, போட்டோவில் மட்டும் ஏன் நிமிர்ந்து நிற்கிறது?

அந்தப் படம் ஒரே ஒரு புள்ளியிலிருந்து பார்ப்பதற்காகவே இழுத்து நீட்டி வரையப்படுகிறது. ஜெர்மன் ஓவியர் ஹோல்பைன் 1533-லேயே தன் ஓவியத்தில் ஒரு மண்டையோட்டை இப்படிச் சாய்த்து ஒளித்துவைத்தார். இதே உத்தியை 1980களில் நடைபாதைச் சாக்பீஸ் ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க ஓவியர் கர்ட் வென்னர்.

கணக்கு எளிது. கேமரா 150 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, 200 செ.மீ. தள்ளி, 100 செ.மீ. உயரப் பெட்டி நிற்பதுபோல் தெரியவேண்டும். கேமராவில் நூல் கட்டி, பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் நட்ட குச்சியின் நுனியைத் தொட்டபடி தரைவரை நேராக இழுங்கள். கேமராவுக்கு நேர் கீழிருந்து அளந்தால், நூல் 600 செ.மீ.யில் தரையைத் தொடும். பெட்டியின் அடி 200-இல், ஓவியத்தின் மேல்முனை 600-இல். அதாவது ஒரு மீட்டர் பெட்டிக்கு நான்கு மீட்டர் ஓவியம்! அதிலும் கீழ்ப்பாதிக்கு ஒரு மீட்டர்தான், மேல்பாதி மூன்று மீட்டரைத் தின்றுவிடும். அகலமும் மேல்முனையில் மூன்று மடங்கு ஆகவேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நீளத்தை மட்டும் இழுத்தால் பெட்டி மேலே போகப்போகக் கூம்பிவிடும்.

கேமரா 30 செ.மீ. பக்கவாட்டில் நகர்ந்தாலே பெட்டியின் தலை 20 செ.மீ. சாய்ந்து தெரியும். அதனால் முக்காலி நின்ற இடத்தைக் கட்டாயம் குறித்துவையுங்கள்.

நேரில் ஏமாறாததற்கு நம் இரண்டு கண்களே காரணம். இரண்டும் சேர்ந்து தரை தட்டை என்று காட்டிக்கொடுத்துவிடும். குறித்த இடத்தில் நின்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பெட்டி எழுந்து நிற்கும்.