அண்ணர் கையெழுத்து வைத்தால் தங்கைக்கும் சம்மதமா?

கேள்வி: யாழ்ப்பாணம் வலிகாமம் வடக்கில் அப்பா எங்கள் மூவர் பேரிலும் எழுதிய 12 பரப்புக் காணி இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. அண்ணர் எங்களைக் கேட்காமல் சுண்ணக்கல் எடுக்கும் கம்பனிக்குச் சம்மதக் கடிதம் கொடுத்து முற்பணமும் வாங்கிவிட்டார். என் பங்குப் பணம் அவர் வீட்டில் கிடக்கிறது. பெக்கோ இயந்திரம் வந்து ஒரு மூலையைக் கிண்டிவிட்டது. நாங்கள் இந்த மண்ணின் பூர்வீகக் குடிகள். ஐ.நா. பிரகடனத்தை வைத்து மனித உரிமை வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அண்ணரின் துரோகம் பற்றியது. வாசிக்க எனக்கும் கஷ்டமாக இருந்தது. ஆனால் வழக்குக்குத் தேவையானது இரண்டே சொல்: "இன்னும் பிரிக்கவில்லை."

பிரிக்காத காணியில் ஒவ்வொரு சாண் நிலத்திலும் மூவருக்கும் பங்கு உண்டு. ஒரு பங்காளி தோட்டம் செய்யலாம். மற்றவர்கள் சம்மதிக்காமல் காணியின் தன்மையையே மாற்ற முடியாது. தோட்டக் காணியைக் கற்கிடங்கு ஆக்குவது அப்படியான மாற்றம்தான். மாவட்ட நீதிமன்றத்தில் இடைக்காலத் தடைக்கட்டளை கேளுங்கள். "கல்லும் எங்களுடையது" என்று மட்டும் வாதாட வேண்டாம். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி நிலத்தடிக் கனிமம் அரசுக்குச் சொந்தம்.

2007ஆம் ஆண்டுப் பூர்வகுடிகள் பிரகடனத்துக்கு இலங்கை ஆதரவாக வாக்களித்தது உண்மை. ஆனால் அது இங்கே சட்டமாகவில்லை. அடிப்படை உரிமை மனுவுக்கு அரச தரப்பின் செயல் ஒன்று வேண்டும், அதுவும் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். சுன்னாகம் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2015இல் போடப்பட்டு 2019இல்தான் தீர்ந்தது. 20 மில்லியன் ரூபா நட்டஈடு கிடைத்தது, நல்ல தீர்ப்பு. ஆனால் பெக்கோ நான்கு வருடம் காத்து நிற்காது.

இனி நான் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். அண்ணர் வீட்டில் கிடக்கும் அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். கூடவே ஒரு பற்றுச்சீட்டு நீட்டுவார்கள். "பங்குப் பணம் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரிதான் இருக்கும். 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி நொத்தாரிசு உறுதி இல்லாமல் காணி உரிமை கை மாறாது, துண்டுச் சீட்டுக்கு என்ன மதிப்பு என்று யாராவது தைரியம் சொல்வார்கள். உரிமை மாறாது, சரிதான். ஆனால் தடைக்கட்டளை கேட்கும் அன்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதே சீட்டைக் கையில் எடுப்பார். இவருக்குத் தெரியும், காசும் வாங்கினார், இவர் நட்டத்தைக் காசால் ஈடுசெய்யலாம் என்பார். காசால் ஈடாகும் நட்டத்துக்குத் தடைக்கட்டளை கிடைப்பது கடினம். இந்த ஒரு சீட்டால் வழக்கின் முதல் நாளே தோற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கு என்று வாங்கியவர்கள் அவர்கள். பேராசைக்காரர் ஒருவரும் இல்லை.

அடுத்தது இன்னும் நைசாக வரும். "சண்டை வேண்டாம், காணியைப் பிரித்துவிடுவோம், ஆளுக்கு 4 பரப்பு." நியாயமாகத்தான் கேட்கும். ஆனால் பிரிவிடல் உறுதியில் கையெழுத்து வைத்த அன்றே உங்கள் சம்மதத்தின் தேவை போய்விடும். அண்ணர் தன் 4 பரப்பைக் கொடுப்பார். பக்கத்தில் ஆழமாகத் தோண்டினால் உங்கள் கிணறு என்னாகும்? நமது நன்னீர் சுண்ணக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதந்து நிற்பது. அது உவராகிய பிறகு எந்தக் கட்டளையும் அதைத் திருப்பித் தராது.

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்கிறேன். அண்ணருடன் சமாதானமாகப் போங்கள். கம்பனியுடன் அல்ல, அண்ணருடன். அவருக்குக் கடன் இருக்கும், விசாரியுங்கள். முற்பணத்தைத் திருப்பிக் கொடுக்க நீங்களும் மற்றச் சகோதரமும் காசு போட்டு, அவர் பங்கை நீங்களே வாங்குங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி பங்காளிக்கு முன்வாங்கும் உரிமை உண்டு, 1947ஆம் ஆண்டுச் சட்டமும் அதைச் சொல்கிறது. வெளியாளுக்கு விற்க முதல் அவர் உங்களுக்கு அறிவித்தல் தர வேண்டும். நகை அடகு வைக்க வேண்டி வந்தாலும் பத்து வருட வழக்கைவிட அது மலிவு.

அதுவரை டிப்பருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். பொலிசார் அமைதிக்குலைவு என்று ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் வழக்கு வைப்பார்கள், பிறகு காணியை ஆண்டு அனுபவித்து வந்தது யார் என்ற கேள்வியில் மாட்டுப்படுவீர்கள். கிண்டிய மூலையைத் திகதியுடன் படம் எடுங்கள். சம்மதம் தரவில்லை என்று கம்பனிக்கும் சுரங்கப் பணியகத்துக்கும் பதிவுத் தபாலில் இந்த வாரமே எழுதுங்கள். தபால் பற்றுத்துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, காணி உறுதியுடன் ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.