ஜெர்மனி கருத்தரங்குக்குக் குடும்பத்தோடு போக ஒரே விசா விண்ணப்பம் போதுமா?

நாகர்கோவிலில் கல்லூரி ஆசிரியர், ஜெர்மனியில் கருத்தரங்கு, மனைவியையும் 5 வயது மகளையும் கூட்டிப் போகலாமா, ஒரே விண்ணப்பம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கூட்டிப் போகலாம். ஆனால் ஷெங்கன் விசாவுக்கு (ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) ஆளுக்கொரு விண்ணப்பம், கைக்குழந்தைக்கும் தனிதான். அழைப்புக் கடிதம் உங்களுக்கு மட்டும்தான் செல்லும், அதனால் அவர்கள் இருவருக்கும் பயண நோக்கம் சுற்றுலா என்று போட்டு, உங்கள் அழைப்பின் நகலையும் செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதத்தையும் சேர்த்து வையுங்கள்.

நம்ம ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது பெயரில்தான். உறவைக் காட்ட வைத்த எங்கள் கல்யாணச் சான்றிதழில் மனைவி பெயருக்கு முன்னால் வெறும் 'ஜெ.', பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக இருந்தது. அதைச் சரிசெய்ய ஆபீசுக்கும் வீட்டுக்குமாக 3 வாரம் அலைந்தேன். சர்ச்சில் தந்த சான்று மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் இப்போதே கல்யாணத்தை அரசிடம் பதிவு செய்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது ஆகாத பிள்ளைக்கு இல்லை. 12 வயதுக்குக் கீழே கைரேகையும் கிடையாது. மருத்துவக் காப்பீடு மூவருக்கும் வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு. 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாளில் முடிவு என்பார்கள், 45 நாள் வரை இழுக்கவும் செய்யும். அப்புறம், விசா கைக்கு வராமல் திருவனந்தபுரத்திலிருந்து போகும் டிக்கெட்டுக்கு முழுப் பணத்தையும் கட்டிவிடாதீர்கள், முன்பதிவு விவரத்தைக் காட்டினால் போதும்.