ரிங்கடியில் நிற்பவன்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: சார், எங்கள் தாமான் (குடியிருப்பு) கூடைப்பந்து அணிக்கு நான்தான் கோச். ரிங்கடியில் நின்று காக்கும் செண்டர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். நெட்டையன் ஆட்டத்துக்கு 4 பிளாக் அடிக்கிறான், அதாவது எதிராளி போடும் ஷாட்டைக் கையால் தட்டித் தடுக்கிறான். கட்டையன் ஒன்று அடித்தாலே பெரிது. ஆனால் கட்டையன் ஆடும்போதுதான் எதிரணிக்குப் புள்ளி குறைவாகப் போகிறது. நெட்டையனையே முதலில் இறக்கு என்கிறார் மாமா. வேன் அவருடையது. இரண்டு ஆட்டங்களின் வீடியோ அனுப்பியிருக்கிறேன்.
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: தம்பி, இரண்டையும் ஜெலுத்தோங் வீட்டில் உட்கார்ந்து இரண்டிரண்டு முறை பார்த்தேன். முதல் முறை எல்லாரையும் போல பந்தைப் பார்த்தேன். அடுத்த முறை பந்தை மறந்துவிட்டு செண்டரின் காலை மட்டும் பார்த்தேன். கையில் 555 நோட்டு. மளிகைக் கடையில் கடன் எழுதும் அதே குட்டி நோட்டுதான். பள்ளிப் போட்டிகளில் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்த காலத்துப் பழக்கம், விடவில்லை.

நெட்டையன் முதல் ஆட்டத்தில் ஷாட்டைத் தடுக்க 13 முறை எகிறினான். எதிராளி தோளை லேசாக அசைத்தாலே போதும், பையன் வானத்தில் இருப்பான். 13-ல் 4 பிளாக். கைதட்டல் காதைப் பிளக்கிறது, மாமாவின் விசில்கூடக் கேட்டது. ஆனால் அந்த நாலில் இரண்டு பந்து கோட்டுக்கு வெளியே போய் மறுபடி எதிரணிக்கே கிடைத்தது. மூன்றாவது நேராக எதிராளி கையில் விழுந்து கூடையானது. நமக்குப் பந்து வந்தது ஒரே ஒரு முறை. மீதி 9-ல் 3 ஃபவுல், 4 கூடை. இரண்டு ஷாட் தவறியது உண்மைதான், ஆனால் இவன் காற்றில் இருந்ததால் தவறித் திரும்பும் பந்தை (ரீபவுண்டு) அவர்கள் எடுக்காமல் தடுக்க ஆளில்லை. இரண்டும் அவர்களுக்கே போயின.

இரண்டாவது ஆட்டத்தில் கட்டையன். ரிங்கடியில் அவன் எதிரே 8 ஷாட் போட்டார்கள், 3 விழுந்தது. நான் முக்கியமாக எண்ணியது வேறு. எதிரணி கார்டு (பந்தைத் தட்டி ஓட்டி வருபவன்) பெயிண்டுக்குள், அதாவது ரிங்குக்கு முன்னால் உள்ள வண்ணப் பகுதிக்குள் நுழைந்து, இவனைப் பார்த்ததும் பந்தைத் தட்டிக்கொண்டே வெளியே திரும்பிப் போனது 5 முறை. அதை எழுத ஸ்கோர் ஷீட்டில் கட்டமே கிடையாது. இன்னொன்று, போனில் சத்தம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. "கிரி! கிரி! ஸ்கிரீன்!" என்று, இடப்பக்கம் எதிராளி வழிமறித்து நிற்பதைச் சொல்லிச் சொல்லிக் கட்டையனின் வாய் ஓயவே இல்லை. நெட்டையன் ஆட்டத்தில் கேட்டதெல்லாம் உங்கள் குரல்தான்.

பிளாக் எண்ணிக்கையை நம்பாதே என்று சொல்லவில்லை. அதை ஒரு கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள், பதிலை வீடியோவில் தேடுங்கள். அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கிலேயே அதை 1973-74-இல்தான் அதிகாரபூர்வமாக எழுத ஆரம்பித்தார்கள். செண்டர் பில் ரஸ்ஸல் 1969-லேயே ஓய்வு பெற்றுவிட்டார். 11 சாம்பியன்ஷிப் ஜெயித்தவர் பேரில் அதிகாரபூர்வமாக ஒரு பிளாக்கூடக் கிடையாது. தடுத்த பந்தைக் கோட்டுக்கு வெளியே அனுப்பாமல் தன் ஆட்களுக்கே தட்டிவிடுவதில் பேர்போனவர் அவர். 2013-இல் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கிய மார்க் கசோலுக்கு அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 1.7 பிளாக்தான். 2015-16-இல் 3.7 அடித்து முதலிடத்தில் நின்றவர் ஹசான் வைட்சைட். விருது போனது கவாய் லெனர்டுக்கு, அவர் செண்டரே இல்லை.

இனி உங்கள் கணக்கில் ஒரு ஓட்டை. கட்டையன் ஆடும்போது எதிரணிக்குப் புள்ளி குறைகிறது என்கிறீர்கள். அவனோடு ஆடும் மற்ற நாலு பேர் யார்? நான் பார்த்த வரையில், அந்த 7-ஆம் நம்பர் கார்டு பெரும்பாலும் இவனோடுதான் இறங்குகிறான். அவனைத் தாண்டி உள்ளே வருவதே எதிரணிக்குப் பாதி வேலை. அடுத்த நாலு ஆட்டங்களில் 7-ஆம் நம்பரை நெட்டையனோடும் இறக்கிப் பாருங்கள். எதிரணியின் மூன்று புள்ளி ஷாட்டையும் தனியாக எழுதுங்கள். தூரத்திலிருந்து எதிராளி ஒரு நாள் 7 போடுவான், மறுநாள் ஒன்றுகூட விழாது. அந்த அதிர்ஷ்டத்தைச் செண்டர் தலையில் கட்டக்கூடாது.

என்.பி.ஏ. எண்களை அப்படியே இங்கே கொண்டுவரவும் முடியாது. அங்கே 2001-02 முதல், யாரையும் காக்காமல் செண்டர் பெயிண்டில் 3 விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. உலகக் கூடைப்பந்துச் சங்கமான ஃபீபாவின் விதியில் ஆடும் நமக்கு அந்தத் தடை இல்லை. கட்டையன் மாதிரி இடம் பிடித்து நிற்பவனுக்கு இது வரம். ஆனால் எதிரணிச் செண்டர் வெளியே நின்று ஷாட் போடுபவனாக இருந்தால், கட்டையன் ரிங்கடியிலேயே தேங்கிவிடுகிறான். இரண்டாம் பாதியில் மூன்று முறை அப்படி ஆனது.

இப்போதைக்குக் கட்டையனை முதலில் இறக்குங்கள். நெட்டையனுக்கு ஒரே பயிற்சி: எதிராளியின் கால் தரையை விடும்வரை இவன் காலும் தரையில் இருக்க வேண்டும். மாமாவிடம் அந்த 13-ஐயும் வரிசையாகப் போட்டுக் காட்டுங்கள். வேனில் பெட்ரோல் போட்ட பிறகு காட்டுவது நல்லது.

கேள்வி: ரூடி கோபேர் நாலு முறை சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது வாங்கியவர். ஆனால் லூக்கா டான்சிச் அவர் முகத்துக்கு நேராக ஷாட் போட்ட வீடியோவைக் காட்டி என் தம்பி தினமும் வெறுப்பேற்றுகிறான். விருது சும்மாவா அண்ணே?
– வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: சும்மா இல்லை தங்கச்சி. அது 2024 மே மாதம், நமக்குச் சனிக்கிழமை காலை. மாமாக் உணவுக் கடையில் ரொட்டி சானாய் ஆறிப்போனதுகூடத் தெரியாமல் பார்த்தேன். அப்போது டான்சிச் ஆடிய டல்லாஸ், கோபேரின் மின்னசோட்டாவை 109-108 என்று ஜெயித்தது. ஸ்கிரீனுக்குப் பிறகு ஆள் மாறியதால் கோபேர், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே உலகத்தின் மிகச் சிறந்த ஷாட்காரர்களில் ஒருவரோடு தனியாக மாட்டினார். செண்டர் வேலையில் அதுவும் ஒரு பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பருவம் முழுக்க லீக்கிலேயே சிறந்த தடுப்பு மின்னசோட்டாவுடையது, அதற்கு நடுத்தூண் இவர்.

தம்பிக்கு வேறு ஆட்டத்தைக் காட்டுங்கள்: 2021 ஜூன், அப்போது கோபேர் ஆடிய யூட்டா – கிளிப்பர்ஸ், ஆறாவது ஆட்டம். யூட்டா 25 புள்ளி முன்னிலையைத் தொலைத்து 131-119 எனத் தோற்றது. கிளிப்பர்ஸின் டெரன்ஸ் மேன் 39 புள்ளி. அவரைக் காக்க வேண்டியவர் பல நேரம் கோபேர்தான் என்பதால் பழி அவர் மேல் விழுந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஐந்து விநாடி பின்னால் போய்ப் பாருங்கள். முன்னால் நிற்கும் கார்டு ஏமாந்துபோகிறார், கோபேர் ரிங்கைக் காக்க உள்ளே வருகிறார், பந்து மூலைக்குப் போகிறது. அடுத்தவன் வாங்கிய கடனை அடைக்கப் போய்த் தன் வீட்டைத் திறந்துபோட்ட கதை.

கேள்வி: வீடியோ எடுக்கப் போனை எங்கே வைப்பது?
– மாணவர், செந்தூல்

பதில்: பக்கவாட்டில் வேண்டாம். ரிங்குக்குப் பின்னால், மேலே, ஐந்து பேரின் கால்களும் தெரியும் இடத்தில் வையுங்கள். பந்து போகிற பக்கம் போனைத் திருப்பாதீர்கள். ஸ்டாண்ட் இல்லாவிட்டால் அரிசி நிரப்பிய மைலோ டின் போதும், நான் அப்படித்தான் வைக்கிறேன்.