எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு எந்தப் புத்தகம், எங்கே கிடைக்கும்?

கேள்வி: கல்வியியற் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து முடித்து, இப்போது மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு பாடசாலையில் கட்டுறுபயில்வில் (ஆசிரியப் பயிற்சியில்) இருக்கிறேன். தரம் 3 வகுப்பு. நூலகம் என்று ஓர் அலுமாரி உண்டு. உள்ளே பாதி பழைய வினாத்தாள் தொகுப்புகள், மீதி பெரியவர்கள் படிக்கும் நாவல்கள். ஏழெட்டுப் பிள்ளைகள் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்ற கதைப்புத்தகங்களை எங்கே எடுப்பது? என் வகுப்புப் பிரச்சினை ஒன்றை நானே ஆராய்ந்து எழுத வேண்டிய செயல்நிலை ஆய்வும் வாசிப்பைப் பற்றியதுதான். அதற்குத் தமிழில் என்ன படிக்கலாம்? கையில் காசு குறைவு.

பதில்: தங்கச்சி, புத்தகம் தேடப் புறப்படும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்த ஏழெட்டுப் பேரும் எந்த இடத்தில் தடுக்குகிறார்கள் என்று பாருங்கள். இதைச் செய்யாமல் புத்தகம் சேர்த்தால், எவ்வளவு சேர்த்தாலும் ஏற்கனவே வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் அவற்றை எடுப்பார்கள்.

தரம் 2 தமிழ்ப் பாடநூலில் இருந்து பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு பகுதியை எடுங்கள். நூறு சொல் போதும், ஐம்பது கிடைத்தாலும் சரி. அதன் பிரதி ஒன்று உங்கள் கையில் இருக்கட்டும். பிள்ளை சத்தமாக வாசிக்க, சரியாக வாசித்த சொல்லுக்கு மேல் ஒரு சரி போடுங்கள். பிழையாக வாசித்தால் பிள்ளை சொன்னதை அப்படியே மேலே எழுதுங்கள். தானாகவே திருத்திக்கொண்டால் அது பிழை இல்லை. இது நியூசிலாந்தின் மேரி கிளே உருவாக்கிய பதிவு முறை. நூற்றுக்கு 95 சொல்லும் அதற்கு மேலும் சரியென்றால் அந்தப் புத்தகத்தைப் பிள்ளை தனியே வாசிக்கலாம். 90 முதல் 94 வரை என்றால் நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். அதற்கும் கீழே போனால், அந்தப் புத்தகத்தை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், பிள்ளை கேட்கட்டும். இந்த அளவுகள் ஆங்கில வாசிப்பை வைத்து வந்தவை. தமிழில் 'ஓடிக்கொண்டிருந்தவனை' என்பது ஒரே சொல், அதற்குள் எத்தனையோ எழுத்து. ஆகவே ஒன்றிரண்டு கூடக் குறைய வந்தால் அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம்.

எண்ணிக்கையைவிட, பிள்ளை சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. 'கொக்கு' என்று இருப்பதைப் பிள்ளை 'கெக்கு' என்று வாசித்தால், முன்னால் நிற்கும் கொம்பைப் (ெ) பார்த்துவிட்டுப் பின்னால் நிற்கும் அரவை (ா) விட்டுவிட்டது என்று பொருள். அந்தப் பிள்ளைக்கு ஒகர, ஓகாரச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகிற கதை வேண்டும். இன்னொரு பிள்ளை 'கொக்கு' என்ற இடத்தில் படத்தைப் பார்த்து 'பறவை' என்று சொல்லிவிட்டுப் போகும். அதற்குக் கதை விளங்குகிறது, எழுத்தைப் பார்க்கும் பொறுமைதான் இல்லை. இருவருக்கும் ஒரே புத்தகத்தைக் கொடுத்து 'வாசியுங்கோ' என்றால் இருவருக்கும் உதவாது. அந்த ஏழெட்டுப் பேருக்கும் இப்படி ஆளுக்கொரு தாள் எழுதினால் தேட வேண்டிய புத்தகங்கள் எவை என்று தெரிந்துவிடும். உங்கள் செயல்நிலை ஆய்வின் முதல் தரவும் அதுவே.

இனி, எங்கே எடுப்பது. முதலில் பாடநூல்களையே சொல்கிறேன். தரம் 1, 2 தமிழ்ப் பாடநூல்களின் மேலதிகப் பிரதிகள் பாடசாலைக் களஞ்சியத்தில் கிடக்கும், அதிபரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இலவசமாக இறக்கலாம். ஆனால் தரம் 3 பிள்ளையின் கையில் தரம் 1 புத்தகத்தை அப்படியே கொடுக்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் அட்டையைப் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அந்த வெட்கத்தோடு எந்தப் பிள்ளையும் வாசிக்காது. தேவையான பக்கங்களை மட்டும் எடுத்து வேறு அட்டை போட்டுத் தையுங்கள்.

கதைகளுக்கு ஸ்டோரிவீவர் என்ற தளத்தைப் பாருங்கள். இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. தமிழில் ஏராளமான படக்கதைகள் உண்டு, நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, திரும்ப வரும் சொற்கள். உங்கள் ஏழெட்டுப் பேருக்கும் அங்கேதான் தொடக்கம். அங்குள்ள கதைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால், எழுதியவர், படம் வரைந்தவர், வெளியிட்டவர் பெயர்களோடு அச்செடுக்கலாம், பிரதி எடுக்கலாம், சொற்களை மாற்றவும் செய்யலாம். கடையில் வாங்கும் கதைப்புத்தகத்தை முழுசாகப் போட்டோகொப்பி அடிக்க உங்களுக்கு உரிமை இல்லை. இங்கே உண்டு. அங்கே 'நோட்டு' என்று வந்தால் 'கொப்பி' என்று மாற்றி அச்செடுங்கள், பிள்ளை தேவையில்லாத இடத்தில் நிற்காது. ஆசியா பவுண்டேஷனின் லெட்ஸ் ரீட் செயலியிலும் தமிழ்க் கதைகள் இருக்கின்றன. வீட்டிலோ டவுனிலோ சிக்னல் உள்ள இடத்தில் போனில் இறக்கி வைத்தால், பாடசாலையில் இணையம் இல்லாமலே திறக்கலாம்.

போனில் காட்டுவது வாசித்துக் காட்டும் நேரத்துக்குச் சரி. பிள்ளை தனியே வாசிக்கக் கையில் தாள் வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். விரலை வைத்து, பக்கத்தைத் திருப்பி, பிடித்த பக்கத்துக்குத் திரும்பிப் போய்த்தான் இந்த வயதில் வாசிப்பு படியும். வண்ண அச்சு காசு கூட. கறுப்பு வெள்ளையில் எடுத்துப் பிள்ளைகளை நிறம் தீட்டச் சொல்லுங்கள், புத்தகம் அவர்களுடையதாகிவிடும்.

பொது நூலகங்களை மறந்துவிடாதீர்கள். மட்டக்களப்புப் பொது நூலகம், அம்பாறைப் பக்கம் என்றால் கல்முனை, அக்கரைப்பற்று நூலகங்கள், அதைவிட உங்கள் பிரதேச சபையின் நூலகம். இவை உள்ளூராட்சி மன்றங்களின் கீழ் இருப்பதால் அங்கத்துவ விதிகள் இடத்துக்கிடம் மாறும். நேரில் போய் நூலகரைச் சந்தியுங்கள். அதிபர் ஒப்பமிட்ட கடிதம் ஒன்றைக் கொண்டு போய், வகுப்புக்கென ஒரு தொகுதி சிறுவர் நூல்களை மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். 'சிறுவர் நூல் இருக்கிறதா' என்று பொதுவாகக் கேட்பதைவிட, 'பக்கத்துக்கு மூன்று வரிக்கு மேல் போகாத, படம் பெரிதாக உள்ள புத்தகம் இருபது வேண்டும்' என்று கேட்டால் நூலகருக்கும் தேடிக் கொடுக்க உற்சாகம் வரும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த நேரம் நூலகங்கள் பாடசாலைகளோடு சேர்ந்து நிகழ்ச்சி செய்யத் தேடும், கடிதத்தை செப்டெம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

காசே தேவைப்படாத வழி ஒன்றும் இருக்கிறது. தயங்கி வாசிக்கும் பிள்ளைகளுக்கு எனக்கு அதைவிட நம்பிக்கையான வழி வேறில்லை. பிள்ளை சொல்ல, நீங்கள் எழுதி, அதையே பிள்ளை வாசிப்பது. படுவான்கரைப் பிள்ளைகளிடம் கதைக்குப் பஞ்சமா? இரவு யானை வந்து வேலியை முறித்தது, அப்பா வெடி கொளுத்தியது, வெள்ளத்தில் ரோட்டு மூடிப் பாடசாலைக்கு வராமல் நின்றது, மாடு கன்று போட்டது. பிள்ளை சொல்லும் வசனத்தை அது சொன்னபடியே எழுதுங்கள். 'யானை வந்திச்சு' என்றால் முதலில் 'யானை வந்திச்சு' என்றே இருக்கட்டும். தன் வாயில் இருந்து வந்த சொல் என்பதால் அடுத்த சொல் எதுவென்று பிள்ளைக்கு ஏற்கனவே தெரியும், எழுத்தைப் பார்க்க மனதில் இடம் இருக்கும். இரண்டாம் முறை படியெடுக்கும்போது 'வந்தது' என்று சேர்ந்தே மாற்றலாம்.

ஒரு ஏ4 தாள் போதும். அதை எட்டுக் கட்டமாக மடித்து விரியுங்கள். நடுவில் நீளவாக்கில் ஓடும் மடிப்பில், இடையிலுள்ள இரண்டு கட்டங்களின் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். இனித் தாளை நீளவாக்கில் மடித்து இரு முனையையும் உள்நோக்கித் தள்ளினால் வெட்டு விரிந்து எட்டுப் பக்கப் புத்தகமாக நிற்கும். பசையும் வேண்டாம், நூலும் வேண்டாம். அட்டை போக ஏழு பக்கம், பக்கத்துக்கு ஒரு வசனம், மேலே பிள்ளையின் படம். எழுதியவர் பெயரை அட்டையில் பெரிதாகப் போடுங்கள். இதோடு வீட்டிலிருந்து நொடிகளை, அதாவது விடுகதைகளை, கேட்டு வரச் சொல்லுங்கள். பக்கத்துக்கு ஒரு நொடி, பின்பக்கத்தில் விடை. விடையைத் தெரிந்துகொள்ளும் ஆசையில் பக்கம் திரும்பும்.

இவற்றை அந்த அலுமாரிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். நூலகவியலாளர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பதுதான். அதிபர் 'துலைஞ்சு போகும்' என்று தயங்கினால் இதைச் சொல்லுங்கள். சுவரோரம் கயிறு கட்டி, அட்டை தெரியும்படி தொங்கவிடுங்கள். ஒரு கொப்பியில் பிள்ளைக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கொண்டு போன திகதியையும் கொண்டு வந்த திகதியையும் பிள்ளையே எழுதட்டும். கிழிந்து வந்தால் சேர்ந்து ஒட்டுங்கள். தண்டம் அறவிட்டால் அடுத்த கிழமையே எடுப்பது நின்றுவிடும்.

இன்னொன்று. கதை முடிந்தவுடன் 'இதில் இருந்து என்ன படிப்பினை?' என்று கேட்காதீர்கள். வினா விடை எழுதவும் சொல்லாதீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் தரம் 3 வரைக்கும் நீண்டுவிட்ட காலத்தில், பரீட்சை வாசனை இல்லாத பத்து நிமிடமாவது ஒரு நாளில் பிள்ளைக்கு இருக்கட்டும். பாடக்குறிப்பில் அந்தப் பத்து நிமிடத்தை 'வாசித்துக் காட்டல்' என்று எழுதி விடுங்கள், மேற்பார்வைக்கு வருபவருக்கும் விளங்கும்.

உங்கள் சொந்த வாசிப்புக்கு வருவோம். கல்லூரி நூலகத்தில் தலைப்பு ஒவ்வொன்றாகத் தேடி அலையாமல், நூல்களைப் பொருள்வாரியாக அடுக்கப் பயன்படும் தூயி தசமப் பகுப்பு எண்ணோடு போங்கள். 372 ஆரம்பக் கல்வி, அதற்குள் 372.4 வாசிப்பு. சிறுவர் உளவியல் 155.4, கற்பித்தல் முறை 371.3, விசேட கல்வி 371.9. பலர் எட்டிப் பார்க்காத எண் 028.5, பிள்ளைகளின் வாசிப்புப் பற்றியது அங்கே இருக்கும். 398இல் நாட்டார் கதைகளும் நொடிகளும் இருக்கும், அது வகுப்பறைக்கே உதவும்.

தமிழில் இலங்கைச் சூழலை வைத்து எழுதியவை வேண்டும் என்றால் நூலகம் என்ற இணைய நூலகம்தான். 2005இல் தொடங்கி, இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்வருடிப் போட்டிருக்கிறார்கள், எல்லாம் இலவசம். ஆசிரியர்களுக்கென்றே வந்த அகவிழி இதழை அங்கே தேடுங்கள். ஆசிரியர் வழிகாட்டிகள் தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் உண்டு, கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையத்தளத்திலும் பாடவாரியான வளங்கள் உண்டு. எதைத் திறந்தாலும் நீங்கள் பிள்ளையிடம் எழுதிய அந்தத் தாள்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திறங்கள். 'வாசிப்பின் முக்கியத்துவம்' என்று தேடினால் நூறு பக்கம் வந்து கொட்டும், ஒன்றும் உங்கள் வகுப்புக்கு உதவாது. 'உயிர்மெய்க் குறிகளில் தடுமாறும் பிள்ளை' என்ற கேள்வியோடு போனால் நான்கு பக்கம்தான் கிடைக்கும், நான்கையும் ஆய்வறிக்கையில் பயன்படுத்தலாம். படிக்கும்போதே நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம் நான்கையும் குறித்துவிடுங்கள். கடைசி மாதத்தில் அவற்றைத் திரும்பத் தேடுவது பெரும் கரைச்சல்.

மாரி தொடங்கும் முன் கயிற்றை யன்னல் பக்கமிருந்து உட்சுவருக்கு மாற்றுங்கள். மிச்சப் புத்தகங்களை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், நிலத்தில் படாமல் மேசை மேல் வையுங்கள். அடியில் வேப்பிலை போட்டால் பூச்சி குறையும், ஆனால் நன்றாகக் காய்ந்த இலையாக இருக்க வேண்டும், பச்சை இலை ஈரம் விட்டுத் தாளைப் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். வெயில் வரும் நாளில் பெட்டியைத் திறந்து காற்றுப் பட வையுங்கள், நேர் வெயிலில் போட வேண்டாம்.